ரம் வரிசையில் நிறுத்தப்பட்டவனுக்கு

என் அன்புக்குரிய தம்பி சாமுவேலுக்கு,

வழக்கம்போல் நலம் விசாரித்துத் தொடங்க இயலவில்லை. வக்கீல் தொழிலில் தலை நரைத்தவன் நான்; குறைகளை வரிசைப்படுத்திய பிறகே எனக்குப் பேச்சு வருகிறது. நம் மாதனூர்ச் சபையார் ஒவ்வொருவரும் படிக்கும்படி இதை அச்சிட்டுக் கொடுக்கவும் போகிறேன்.

1. குருத்தோலை ஞாயிறு: பெரிய யுத்தத்துக்குப் போன நம் சபையாரின் பெயர்களை ஆலயச் சுவரில் சலவைக்கல்லில் பொறிக்கப்போவதாக அறிவித்து, அப்பெயர்களை வாசித்தார்கள். உன் பெயரை வாசிக்கவில்லை.

2. ஈஸ்டர் திங்கள்: காரணம் கேட்கப் போன உன் மனைவி எஸ்தரிடம், ஆலய வாசலில் பத்துப்பேர் காதில் விழும்படி, கமிட்டியின் காரியதரிசி சொன்னார்: “குடிச்சே செத்தவரு பேரக் கல்லுல வெட்டினா, நாளைக்குப் புள்ளைங்க இன்னாம்மா கத்துக்கும்?”

3. பெந்தெகொஸ்தே ஞாயிறு: இரக்கப்பட்டவர்கள்போல் ஒரு வழி காட்டினார்கள். சாகுமுன் நீ குடியை விட்டு மனந்திரும்பியதாக எஸ்தர் கையெழுத்திட்டுத் தந்தால், உன் பெயரைக் கடைசியில் சேர்ப்பார்களாம்.

அந்தக் காரியதரிசியை உனக்குத் தெரியும். நீ யுத்தத்துக்குப் போய் பஸ்ராவில் இருந்த நாட்களில் பட்டாளத்துப் பூட்ஸுக்குத் தோல் விற்று மெத்தை வீடு கட்டியவர். இப்போது மதுவிலக்குச் சங்கத்துக்கும் அவரே தலைவர்.

எஸ்தர் அவர்கள் கொடுத்த தாளுடன் வேலூருக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டாள்.

“இதுல கையெழுத்துப் போட்டுட்டா பேரு வந்துடுமா மாமா?”

“வரும்.”

“அவரு எப்ப மாமா மனந்திரும்பினாரு? ‘நான் யாருக்கும் துரோகம் பண்ணல எஸ்தரு’ன்னுதானே கடைசி வரைக்கும் சொல்லிக்கினு இருந்தாரு. பொய் எழுதிக் குடுத்தா அவர கல்லுல ஏத்தணும்?”

தாளை என் மேசைமேல் வைத்துவிட்டு அவளே மீண்டும் கேட்டாள். “இன்னொண்ணு, ரொம்ப நாளா மனசுல கெடக்குது. மோரு குடுத்தாக்கூட எழுந்து நின்னுதான் குடிப்பாரு. ஒரே மடக்கு. அப்பறம் டம்ளரக் கவுத்துக் காட்டுவாரு. வீட்ல நான் ஒருத்திதான். யாருக்குக் காட்டினாரு மாமா?”

எனக்கும் தெரியவில்லை. உன்னோடு பஸ்ராவில் பட்டாளத்துக் கோவேறு கழுதை ஓட்டிய ஹயாத் பாய்க்குத்தான் தெரிந்திருக்கும் என்று மறுநாளே ஆம்பூருக்கு ரயிலேறினேன். அவர் இப்போது தோல் மண்டி வைத்திருக்கிறார். ஆவாரம்பட்டை மூட்டைகளை ஒதுக்கி எனக்கு இடம் செய்தார். குரல் மட்டும் இன்னும் கழுதை விரட்டும் குரல்தான்.

“கவுத்துக் காட்டினானா? காட்டாம இன்னா செய்வான், வக்கீல் சாப்! சாயங்காலம் ரம் லைன்ல நிக்கணும். ஹவில்தார் எதுக்கவே குடிக்கணும். தகர மக்கக் கவுத்துக் காட்டிட்டுத்தான் நகரணும். எடுத்துட்டுப் போயி வித்துடுவோம்னு பயம் அவங்களுக்கு.”

“வேண்டாம் என்று சொல்ல முடியாதா?”

“நான் சொன்னேனே! முசல்மான்னு சொன்னேன், டீ லைனுக்குப் போன்னுட்டான். உங்க தம்பியும் மொத நாளு என் பின்னாடிதான் வந்து நின்னான். ஹவில்தார் புடிச்சிக்கினான். ‘நீ இன்னா மதம்?’ உங்க ஆளு நெஞ்ச நிமித்திக்கினு ‘கிறிஸ்தவன்’னான். ‘அப்ப டீ லைன்ல உனக்கு இன்னாடா வேல? தொரைங்க கிறிஸ்தவங்க, குடிக்கிறாங்க. நீ தொரைக்கு மேலயா?’ன்னு இழுத்து அந்தப் பக்கம் வுட்டான்.”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

“நான் சொன்னேன் சாப். ‘டேய் தோஸ்த், சாயங்காலத்துக்கு மட்டும் அப்துல்லான்னு பேர் வெச்சிக்கடா, சக்கர ஜாஸ்தியா போட்ட டீ கெடைக்கும்’னு. அதுக்கு அவன், ‘போடா பாய், டீக்கோசரம் ஏசு சாமிய இல்லன்னுட்டு வந்தியான்னு அவர் கேட்டா நான் இன்னாடா சொல்லுவேன்?’னான். போயி அந்த லைன்ல நின்னான். மூணு நாளு வாந்தி. அப்பறம் பழகிடுச்சு.”

தம்பி, இதை நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை? மதுவிலக்குச் சங்கத்தில் வாலிப வயதில் உறுதிமொழி எடுத்தவன் நீ. அதைக் காப்பாற்ற உனக்கு வழி இருந்தது: உன் மதத்தை மறுப்பது. நீ மறுக்கவில்லை. அந்த ஒரே சொல்லுக்காக உன் கையில் மக்கைக் கொடுத்தார்கள். அந்த மக்கைக் காரணம் காட்டி, அதே ஆண்டவரின் பெயரால் உன்னை வெளியே நிறுத்துகிறார்கள்.

இங்கே வாசகசாலையில் இப்போது ஒரு விவாதம் நடக்கிறது. போர்முனையில் சிப்பாய்க்கு மதுவை அனுமதிக்கலாமா? குளிருக்கும் பயத்துக்கும் அது மருந்து என்கிறது ஒரு கட்சி. துப்பாக்கி பிடித்த கைக்குக் குடி ஆகாது என்கிறது மற்றது. இரு கட்சியும் ‘அனுமதி’ என்றே பேசுகின்றன. மறுக்கவும் உரிமை உள்ளவனுக்கல்லவா அனுமதி? உன்னை யார் கேட்டார்கள்?

கூடாது என்பதே என் கட்சி. அதை எழுந்து சொன்னேன். ஆனால் ஹயாத் பாய் சொன்ன இன்னொன்றை அங்கே என்னால் சொல்ல முடியவில்லை. “நாள் பூரா மழையில, முட்டி வரைக்கும் சேத்துல கழுதைய இழுத்துட்டு வந்து நிப்பான். ஒடம்பு நடுங்கும். அந்த ஒரு மடக்கு உள்ள போனப்பறம்தான் அவன் மொகத்துல உசுரு வரும். அப்போ ‘குடிக்காதடா’ன்னு எனக்கே சொல்ல வாய் வரல சாப்.” அவருக்கு வராத வாய், மின்விசிறியின் கீழ் நின்ற எனக்கு எப்படி வந்தது? கூடாது என்று இப்போதும் சொல்கிறேன். சொல்லிவிட்டு அறையில் மேலும் கீழுமாக நடக்கிறேன்.

நீ ஊருக்குத் திரும்பியபோது, மக்கைக் கொடுத்தவர்கள் உன்னை மறந்தார்கள். உடம்பு மறக்கவில்லை. சாயங்காலமானால் அது வரிசையைத் தேடியது. ஆம்பூரில் சாராயக் கடை வாசலில்தான் வரிசை இருந்தது. அந்தக் கடைக்கு உன்னை முதன்முதலில் அனுப்பியது யார் என்று கமிட்டியில் ஒருவராவது கேட்டாரா?

சபைக் கமிட்டியாருக்கு, இந்தக் கடிதத்தின் வழியாகவே சொல்கிறேன். எஸ்தர் அந்தத் தாளில் கையெழுத்திட மாட்டாள். கர்த்தரை மறுதலிக்காத ஒருவன் எதிலிருந்து மனந்திரும்ப வேண்டும்? ரம் குடித்துவிட்டுத் திரும்பிய மற்றவர்களின் பெயர்களை, அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள் என்ற ஒன்றுக்காகவா பொறிக்கிறீர்கள்? இவ்விரண்டுக்கும் ஆடி மாதக் கடைசி ஞாயிறு ஆராதனைக்கு முன், காரியதரிசியின் கையெழுத்துடன் எழுத்துமூலம் பதில் வேண்டும். வாய்ப்பேச்சை ஏற்கமாட்டேன்.

தம்பி, உனக்கு ஒரு வாக்கு. பதில் வராமலே அந்தக் கல்லைத் திறந்தால், அன்று நான் முன்வரிசையில் இருப்பேன். அவர்கள் பெயர்களை வாசித்து முடித்ததும் எழுந்து உன் பெயரைச் சொல்வேன். எஸ்தரும் எழுந்து நிற்பாள். மண்டியைப் பூட்டிவிட்டு வந்து வாசலில் நிற்பதாக ஹயாத் பாயும் சொல்லியிருக்கிறார். உட்காரச் சொல்பவர்கள், அதையும் எழுத்தில் தரட்டும்.

உன் பெயருக்காக இன்னும் நின்றுகொண்டிருக்கும்,
உன் அண்ணன்