மாப்பிள்ளை நடக்கப் போனதாக நினைத்தேன்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகம்தானே என்று வழக்கம்போல அடுத்த வரி எழுத இந்த முறை கை வரவில்லை. போனை நீ எடுக்கவில்லை, எடுத்தாலும் எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அதனால்தான் கடிதம்.

இரண்டு வாரத்துக்கு முன், ஞாயிற்றுக்கிழமை, ஆங்கிலத்தில் ஒரு வரி அனுப்பியிருந்தாய். மாப்பிள்ளை வாக்ட் அவுட் என்று இருந்தது. எனக்குத் தெரிந்தது செருப்புக் கடை ஆங்கிலம், சைஸ், கலர், டிஸ்கவுண்ட், அதோடு வாக். புது ஷூ போட்டவரிடம் நாலடி வாக் பண்ணிப் பாருங்க சார் என்று முப்பது வருடமாகச் சொல்லி வருகிறவனுக்கு அந்த வார்த்தை தெரியாதா என்ற நினைப்பு. அவருக்குத் தொப்பை போட்டிருந்ததே, வெளியே நடக்க ஆரம்பித்துவிட்டார் போல என்று சந்தோஷப்பட்டு, தினமும் போகச் சொல், நீயும் கூடப் போ, கால் அளவைச் சொன்னால் நல்ல ஷூ அனுப்புகிறேன் என்று பதில் போட்டேன். கட்டைவிரல் படம் வேறு. அதைப் பார்த்து நீ எப்படித் துடித்தாயோ.

பதினோரு நாள் உன்னிடமிருந்து பதில் இல்லை. வேலை அதிகமாக இருக்கும் என்றேன் நான். அம்மாதான் ஏதோ சரியில்லைங்க, ஏதோ சரியில்லைங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வியாழக்கிழமை கடைக்கு ஒரு இங்கிலீஷ் டீச்சர் வந்தார். பக்கிள் மாட்டிவிடும்போது பேச்சுவாக்கில் உன் வரியைக் காட்டினேன். படித்துவிட்டுக் காலை மெதுவாக இழுத்துக்கொண்டார். இது நடக்கிறது இல்ல சார், உங்க பொண்ணை விட்டுட்டுப் போயிட்டார்னு அர்த்தம் என்றார். நான் நம்பாமல் மூன்று தடவை கேட்டேன். அவரும் பொறுமையாக, பின்னால வர்ற குட்டி வார்த்தை மாறினா அர்த்தமே மாறிடும் சார், வாக் ஓவர்னா ஒருத்தரை ஏறி மிதிக்கிறது, வாக் ஹோம்னா கூடவே வந்து வீட்டுல விடுறதுக்கும் சொல்லுவோம் என்றார். அதற்கு மேல் எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அன்றைக்குப் பாதியிலேயே கடையை விட்டுக் கிளம்பிவிட்டேன்.

சொன்னதும் அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. புள்ள அழுதுகிட்டு எழுதினதுக்கு நீங்க ஷூ அனுப்பறேன்னீங்களா என்றாள். சாயங்காலமே உன் அறையில் நான் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளை எல்லாம் ஹாலுக்குத் தள்ளினாள், இப்போது ஹாலில் நாங்கள் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் போகிறோம். என்ன விசேஷம் என்று பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, எங்க பொண்ணு வரலாம் என்று தலை நிமிர்ந்தே சொன்னாள். தனக்குப் பாஸ்போர்ட் போட்டோவும் எடுத்தாள். கண்ணை மூடிவிட்டாளாம், திரும்ப எடுக்க வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. உன் பக்கம் என்ன தப்பு என்று நாங்கள் கேட்க மாட்டோம், ராத்திரி தூக்கம் வராமல் நீயும் அதையே கேட்டுக்கொண்டு கிடக்காதே. நீ நன்றாக இருப்பாய், எங்கள் இருவரின் மனசும் அதைத்தான் சொல்கிறது.

நீ இங்கே வருகிறாயா, அம்மா அங்கே வரட்டுமா, இல்லை கொஞ்ச நாள் தனியாக இருக்க வேண்டுமா, எதுவானாலும் எங்களுக்குச் சம்மதம். ஒரு வரி போதும். மறக்காமல் அதைத் தமிழில் எழுது கண்ணு, அப்பாவுக்குப் புரிய வேண்டும்.

உன்
அப்பா