சுவரில் அன்ரனின் பெயர்

ஓகஸ்ட் 10, ஞாயிறு

அரையிறுதியில் பக்கத்துத் தெரு அணி தோற்றதும், கொட்டாஞ்சேனைச் சந்தியில் அவர்களுக்கு மரண அறிவித்தல் ஒட்டினோம். வழமையான கேலிதான். எழுதியது நான். அவர்களுடைய கோல்கீப்பர் அன்ரன் விளையாட வரவில்லை. பயந்து ஒளித்துவிட்டான் என்று நினைத்து அவன் பெயரையே பெரிதாகப் போட்டேன்.

பின்னேரம் அவனுடைய அம்மா அதை வாசித்துக்கொண்டு நின்றார். காலையில் சோதனைச் சாவடியில் பொலிஸார் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்களாம்.

"என்ர பிள்ளை எந்தப் பொலிஸில தம்பி செத்தவன்?"

"ஐயோ அன்ரி, இது பகிடி."

"அப்ப அவன் எங்க?"

எங்கள் பெடியன்கள் இன்னும் இறுதியாட்டத்தைப் பற்றியே கதைக்கிறார்கள். நான் போய் அந்த அறிவித்தலை நகத்தால் சுரண்டினேன். மற்றதெல்லாம் கிழிந்து வந்துவிட்டது. சனியன் பிடித்த பசை, அவன் பெயரை மட்டும் விடவில்லை.