பழவேற்காட்டில் முகத்துவாரம் வெட்டிய வாரம்

24-10-55, திங்கள்
காலையிலிருந்து தூறல். துவைத்த சட்டை காயவில்லை. கோடையில் மணல் அடைத்த முகத்துவாரம் இன்னும் திறக்கவில்லை. மழைத்தண்ணீர் கடலுக்குப் போக வழியின்றி, குப்பத்து வாசல்வரை ஏரி. கடல் இறால் உள்ளே வரவும் வழியில்லை.
மேலதிகாரி: "எஞ்சினீயருக்கு எழுதியாச்சு. தை மாசம் வருவார். கிராம சேவக் நீர், எருக்குழி ரிப்போர்ட்டை முடிக்கப் பாரும்."

25, செவ்வாய்
தென்குப்பத்தில் இறால் விற்கும் மரகதம் வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். கட்டில்மேல் அடுப்பு.
"ரெண்டு ஊரும் சேந்தா ரெண்டே நாள்ல வெட்டிப்புடலாம் சார். எங்க சேர்றது?"
வலை போடும் இடத்துக்காக வடகுப்பத்தோடு மூன்று வருடத் தகராறு. அங்கே தலைவர் கோவிந்தன், இவளுடைய சொந்த அண்ணன். பேச்சில்லை.

27, வியாழன்
அம்மன் கோயில் முன் இரண்டு குப்பத்துக்கும் கூட்டம். அலைந்து கூட்டியவர் கருவாட்டு வியாபாரி காதர் பாய்.
"மீன் இல்லாட்டி எங்க கடைக்கும் பூட்டுதான். வெட்டுற ரெண்டு நாளும் சோறு எங்க ஜமாஅத் பொறுப்பு."
பெண்கள் பேசும் வழக்கமில்லை. மரகதம் எழுந்தாள்.
"அண்ணா, உன் ஊட்ல தண்ணி பூரலியா? நீங்க ஏரிப் பக்கம் வெட்டுங்க. நாங்க கடல் பக்கம். மூஞ்சியப் பாக்கவே வாணாம்."
யாரோ சிரித்துவிட்டார்கள். கோவிந்தன் அவளைப் பார்க்காமல் கூட்டத்துக்குச் சொன்னார்: "ஊட்டுக்கு ஒரு ஆளு. வராத ஊட்டு வலை ஒரு மாசம் ஏரில எறங்காது."
அவ்வளவுதான். கையெழுத்து இல்லை, சீல் இல்லை.

29, சனி
வேலை ஆரம்பம். நானும் போனேன். ரிப்போர்ட் கிடக்கட்டும். கொப்புளம் நான்கு.
"இன்னா சார், மம்பட்டிய பேனா மாதிரி புடிச்சிகினு கீற!" மரகதம்தான். மணல்மேடு முழுக்கச் சிரிப்பு. மதியம் பாய் அனுப்பிய அண்டாச் சோறு, மீன் குழம்பு. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

30, ஞாயிறு. பௌர்ணமி
பிற்பகல், கடல் வற்றிய நேரம். நடுவில் ஒரு முழ மணல்தான் பாக்கி. அந்தப்புறம் கோவிந்தன். இந்தப்புறம் கூடையோடு மரகதம்.
"ஏய் மரகதம், தள்ளிப் போ! தண்ணி இஸ்துகினு பூடும்!"
மூன்று வருடத்தில் அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு. அவள் விலகவும் மணல் சரிந்தது. ஏரி கடலுக்குப் பாய்ந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாய்க்கால் ஓர் ஆறளவு அகலம். கூச்சல், குலவை. பாய் தொப்பியைத் தூக்கி வீசி, பிறகு தேடினார். நானும் கத்தினேன் போல, தொண்டை கட்டிவிட்டது.

31, திங்கள்
வெயில். வீடுகளில் தண்ணீர் வடிந்துவிட்டது. காலை ஏற்றத்தில் கடல் உள்ளே வந்திருக்கிறது. முகத்துவாரம் திறந்ததற்கான ரிப்போர்ட்டில் 'வேலை செய்தவர்' என்ற இடத்தில் 'ஊர்' என்று எழுதினேன்.
மரகதம் வீட்டு வாசலில் கோவிந்தன், கையில் ஒரு கூடை இறால்.
"ஒரே சேறாக் கீதே. கால எங்க வெக்கிறது?"
"எங்கனா வையி. மொதல்ல உள்ள வா."