டார்ச்சை வாயில் பிடித்த கதை

வீட்டுக்காரிக்கு,

நீ மத்தியானம் வருவதாக உன் தங்கை போனில் சொன்னாள். நான் பல் டாக்டரிடம் போயிருக்கிறேன்.

வாஷிங் மெஷின் மறுபடி ஓடுகிறது. நேற்று "டார்ச்சை ஒழுங்காப் புடி, கண்ணு எங்க இருக்கு உனக்கு" என்று நான் கத்தினதும், "அப்ப நீங்களே புடிச்சுக்குங்க" என்று என் மடியில் போட்டுவிட்டுத் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாயே, அப்புறம் நானேதான் பிடித்தேன். இரண்டு கையிலும் வேலை இருந்ததால் வாயில். கல்யாணமான நாளிலிருந்து நான் யாரையும் திட்டாமல் ரிப்பேர் பார்த்தது அந்த அரைமணி நேரம்தான். முன்பல் ஆடுகிறது.

துணி போட்டுப் பார்த்தேன். பிழிகிற நேரம் வந்ததும் மெஷின் கிளம்பி, கூடத்தைத் தாண்டி, சமையலறை வாசலில் வந்து நின்றது. வயர் நீளம் அவ்வளவுதான். உன்னைத் தேடியிருக்கும். அதன் காலுக்கு அடியில் அட்டை வைத்திருக்கிறேன். மறுபடி வந்தால் சுவிட்சை அணைத்துவிடு, பேச்சுக் கொடுக்காதே.

சோறு வைத்தேன், குழைந்துவிட்டது. பல்லுக்காகத்தான் என்று சொன்னால் நீ நம்பவா போகிறாய்.

பி.கு: பழுது என்னவென்று எழுத மறந்துவிட்டேன். மறக்கவில்லை, மழுப்பினேன். பெல்ட் கழன்று கிடந்தது. நேற்று நீ வெளிச்சம் காட்டின அதே இடத்தில். நான்தான் மோட்டாரை முறைத்துக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையது.

இன்னொன்று: ஃப்ரிட்ஜும் பின்பக்கம் உறுமுகிறது. சாயங்காலம் திறக்கப்போகிறேன். நீ எங்கே டார்ச் அடிக்கிறாயோ, அங்கேதான் பார்ப்பேன்.