மழையைக் கடலென்று நம்பிய சிப்பி

மாங்கொல்,
மார்ச் 4

யோன்-சுக் அக்காவுக்கு,

நலமா? உங்கள் பெண் தான்பி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாளா?

சிப்பிப் புத்தகத்தின் பதினாறு ஓவியங்களையும் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. பதிப்பாசிரியர் ஆனதும் அக்காவுக்குக் கை கனத்துவிட்டதோ?

பக்கத்து வீட்டு கும்-ரே அத்தை நகல்களைப் பார்த்தார். நாற்பது வருடம் இந்தச் சேற்றில் சிப்பி தோண்டியவர். "குட்டிச் சிப்பி இவ்ளோ ஆழத்துலயா கெடக்கும்? நாலு விரக்கடைக்குக் கீழ போகாது. காலேஜ்ல என்னத்தப் படிச்சே?" என்றார். மூன்றாம் பக்கத்தை மறுபடி வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். ஒரு சிப்பி தனக்கான ஆழத்தைத் தேடுவதுதானே கதை. அதில் தப்பு இருக்கக் கூடாது.

அன்புடன்,
ஹே-ரான்

பாஜு,
மார்ச் 17

ஹே-ரானுக்கு,

திட்டாதே. இயற்கைப் புத்தகம் என்றால் உயிரியல் ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் அச்சுக்குப் போகாது, உனக்கே தெரியும். அவர் குறிப்பு வந்துவிட்டது: 'மாங்கொல் கரையில் இந்தச் சிப்பி இல்லை. ஊர்ப் பெயரை நீக்கவும்.'

கடைசிப் பக்கமும் சிக்கல். மழை பெய்கிறது, கடல் வந்துவிட்டதென்று எல்லாச் சிப்பிகளும் மேலே வருகின்றன, அங்கேயே வாய் பிளந்து செத்துக் கிடக்கின்றன. "இதப் பாத்துப் புள்ள அழுதா, அடுத்த புத்தகத்த எந்த அம்மா வாங்குவா?" என்று கூட்டத்தில் கேட்டார்கள்.

தண்ணீர் திரும்பி வருவதாக முடித்துவிடு. ஒரு நீலப் பட்டைதான், அரை நாள் வேலை.

உன் அக்கா,
யோன்-சுக்

மாங்கொல்,
மார்ச் 23

அக்கா,

அந்த ஆய்வாளர் எப்போது வந்து பார்த்தாராம்? கடலைச் சுவரால் மறித்து நிலமாக்கி நாலு வருடம் கழித்து வந்து, சிப்பி இல்லை என்கிறார். ஆளைக் கொன்றுவிட்டு வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுதுகிற வேலை.

அந்தக் கடைசிப் பக்கம் என் கற்பனை இல்லை. சுவரை மூடிய பிறகு பெய்த முதல் மழையில் கும்-ரே அத்தையோடு போனேன். சேறு முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. "தோண்டாமயே கெடைக்குது பாரு" என்றார். ஒன்றைக்கூடப் பொறுக்கவில்லை.

இப்போது அங்கே முப்பது மாடிக் குடியிருப்பு எழும்புகிறது. விளம்பரப் பலகையில் ஒரு சிப்பி சிரிக்கிறது. அதற்கும் எவனோ நீலம் பூசியிருக்கிறான். தண்ணீர் வரும் என்று குழந்தைகளிடம் சொல்ல என் கையைக் கேட்காதீர்கள்.

ஊர்ப் பெயரும் கடைசிப் பக்கமும் இருக்க வேண்டும். முடியாதென்றால் படங்களைத் திருப்பி அனுப்புங்கள்.

ஹே-ரான்

பாஜு,
ஏப்ரல் 11

ஹே-ரானுக்கு,

படங்கள் கூரியரில் வருகின்றன. ஒன்றும் கசங்கவில்லை.

கூட்டத்தில் உனக்காக நான் வாய் திறக்கவில்லை. காரணத்தை வேறு யாரும் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டாம். அந்த முப்பது மாடி வீடுகளுக்கான குலுக்கலில் எங்கள் பெயர் விழுந்திருக்கிறது. பதினோரு வருடமாக விண்ணப்பம் போட்டோம். தான்பி பிறந்த பிறகு மட்டும் நாலு வாடகை வீடு மாறியாயிற்று. நானும் ஓர் இடம் தேடியவள்தான். நீ கோபப்படலாம். நான் சாவியை வாங்கிக்கொள்வேன்.

படங்களைக் கட்டும்போது தான்பி கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டாள். அழவில்லை. "இதெல்லாம் எங்க கெடக்கும்மா? நம்ம புது வீட்டுக்குக் கீழயா?" என்றாள்.

"கைய எடு, படம் அழுக்காயிடும்" என்றேன்.

யோன்-சுக்