முனியாண்டியைச் சுற்றிப்போன சுரங்கம்

இன்று காலை பீலியில் ஓடைத் தண்ணீர் விழும் இடத்தில் குடத்தை வைத்ததும் பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியது. நம் தோட்டத்து லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் புதிதாக ஓர் அளவைக்கல். சிவப்பு இன்னும் காயவில்லை. முன்பெல்லாம், அக்கா, நீ ஒரு வம்பைத் தொடங்குவதற்குள் குடம் நிரம்பிவிடும். இப்போது ஊர் வம்பெல்லாம் தீர்ந்தாலும் நிரம்புவதில்லை.

மலைக்குள் சுரங்கம் குடைந்து, ஓடைத் தண்ணீரில் மின்நிலையம் கட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் நீதான் என்னைப் பதுளைக்கு இழுத்துப் போனாய். மின்கட்டணம் பற்றியும் புது மின்நிலையங்கள் பற்றியும் அரசாங்க ஆணைக்குழு மக்களிடம் கருத்துக் கேட்ட கூட்டம் அது. நிலையம் வந்தால் கட்டணம் குறையும் என்றார் மேடையில் இருந்த ஐயா. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணியையே வாயடைக்க வைக்கும் குரலோடு நீ எழுந்தாய்.

"பில்லு கொறையும்னு சொல்றீங்க, சரிங்க. பீலியில தண்ணி கொறஞ்சா யாருகிட்டங்க வந்து சொல்றது?"

"அது எங்க வேலை இல்லம்மா. நாங்க கட்டணத்தத்தான் பார்க்கிறோம். தண்ணிக்கு வேற ஆபீஸ்."

பஸ்ஸில் திரும்பினோம். லுணுகலையில் இறங்கியதும், "இவனுங்க முனியாண்டிக்குத்தான்டி பயப்படுவானுங்க" என்றாய்.

மறுநாளே, சுரங்கத்துக்கு வழி குறித்து பீலிக்கு மேலே நட்டிருந்த அளவைக்கல்லுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, பக்கத்தில் சூலம் ஊன்றிவிட்டாய். வேலைக்கு வந்தவர்கள், சிங்களவர் தமிழர் எல்லாரும் கும்பிட்டார்கள். ஒருவரும் கை வைக்கவில்லை. வேலை நின்றது. "சாமிய எந்த ஆபீசுக்கு அனுப்புறாங்கன்னு பார்ப்போம்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்போடே நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். நல்லவேளை என்றுதான் நினைக்கிறேன்.

சாமியை அவர்கள் தொடவில்லை. சூலத்துக்கு மரியாதை கொடுத்து விலகி, சுரங்கத்தை நம் லயத்துப் பக்கம் திருப்பிவிட்டார்கள். என் வீட்டுச் சுவரில் விரல் நுழையும் வெடிப்பு. கதவு சாத்த முடியவில்லை. ஆணைக்குழுவிடம் போய்க் கேட்டோம். சுவருக்கும் வேறு ஆபீஸாம்.

"அக்கா செஞ்ச மாதிரி இங்கயும் ஒன்னு நட்டுருவோம்" என்று லயத்துச் சனம் ஒரு சூலத்தை என் கையில் கொடுத்திருக்கிறது. நட்டால் சுரங்கம் கீழ் லயத்துப் பக்கம் திரும்பும். அங்கேதான் உன் மகள் வாயும் வயிறுமாக இருக்கிறாள். நான் நடவில்லை. பயந்தாங்கொள்ளி என்கிறார்கள், பயம்தான், இல்லையென்று சொல்லவில்லை.

மத்தியானம் வெடி வைத்தார்கள். நேற்றைவிடக் கிட்டத்தில். அடுப்பில் இருந்த சோற்றுப் பானை ஆடியது. உடனே கீழே போய் உன் மகளிடம் கேட்டேன். அவள் வீட்டில் ஒன்றும் ஆடவில்லையாம்.