டீ குடித்துவிட்டு வந்தவரின் படம்

முந்தாநாள் காலை ஸ்கேன் அறைக்குள் போனதும் டீ வாசனை அடித்தது. டேபிளில் படுத்திருந்தவரின் மூச்சிலிருந்துதான் வந்தது. உன் நினைவு வந்தது.

இந்த ஸ்கேன் சென்டரில் நாம் இருவரும் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். மூளையில் ரத்தம் எங்கே எவ்வளவு ஓடுகிறது என்று படம் எடுக்கும்போதெல்லாம் உனக்கு மட்டும் ஆயிரம் சந்தேகம். "மிஷின் இன்னா சொல்லுதுன்னு அப்பால பாரு மச்சான். ஆளு இன்னா குடிச்சிட்டு வந்தான், கேட்டியா?" என்பாய். டீ, காபி குடித்தால் மூளைக்குப் போகும் ரத்தம் சில மணி நேரம் குறையும். படம் அதையும் சேர்த்தே காட்டும். எனக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் வெளியே கூட்டம் நிற்கும்போது இவன் ஏன் இப்படி உயிரை வாங்குகிறான் என்று எரிச்சல் வரும். சந்தேகப் பேய் என்று உன்னைக் கூப்பிட்டேன். நீயும் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளிடம் போய்க் கேட்பாய். போன வருஷம் ஒரகடம் சாலையில் லாரி மோதி நீ போனாய். அன்றிலிருந்து அந்தக் கேள்வியை நான் கேட்கிறேன்.

வந்தவருக்கு ஊர் தூத்துக்குடிப் பக்கம், இங்கே கார் கம்பெனியில் வேலை. வலது கை அடிக்கடி மரத்துப்போகிறதாம். படத்தில் மூளை முழுக்கவே ரத்தம் குறைவாகத் தெரிந்தது.

"டீ குடிச்சீங்களா?"

"நைட் ஷிப்டு முடிஞ்சு நேரா வாரேன் அண்ணாச்சி. தூங்கிரக் கூடாதுன்னு டீயாக் குடிச்சேன்."

டாக்டரிடம் சொன்னேன். "டீ குடிக்காம நாளைக்கு வரட்டும். அதுக்குள்ள கை மறுபடி மரத்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு சொல்லிடு" என்றார். லீவு கிடைக்காது என்று வந்தவர் முனகினார். கெஞ்சித்தான் சம்மதிக்கவைத்தேன். டீதான் காரணமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே அன்றைய பொழுதை ஓட்டினேன்.

நேற்று வந்தார். மறுபடி எடுத்தோம். மூளை முழுக்க ரத்தம் நன்றாக ஏறியிருந்தது. அப்பாடா என்று சாய்ந்தபோது தெரிந்தது, இடது பக்கம் ஓர் இடம் மட்டும் ஏறவில்லை. தெரு முழுக்க விளக்கு மங்கலாக எரிந்தால் ஒன்று அணைந்திருப்பது யார் கண்ணில் படும்? டீயால் வந்த பிழையைக் கழித்தால் நல்ல சேதி வரும் என்று நம்பியிருந்தேன். அதைக் கழித்த பிறகுதான் நோயே கண்ணுக்குத் தெரிந்தது. "சரியாயிட்டா அண்ணாச்சி?" என்று அவர் கேட்டபோது நான் டாக்டரைக் கூப்பிட ஓடினேன்.

உடனே சென்னைக்கு அனுப்பினோம். இன்று அவர் மனைவி போன் செய்தார். கழுத்து ரத்தக் குழாயில் அடைப்பாம். நேரத்தோடு வந்ததால் பிழைத்தாராம். அழுதுகொண்டே நன்றி சொன்னார்.

நிம்மதியாக இருக்க வேண்டியவன் நான். இல்லையடா. டீயைக் கேட்டேன், சரி. இன்னும் எதையெல்லாம் கேட்கத் தெரியாமல் இருக்கிறேனோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. நீ இத்தனை வருஷம் இதைச் சுமந்துகொண்டா சிரித்தாய்? உன் பயம் இப்போது என்னிடம் இருக்கிறது. அது என்னைவிட்டுப் போய், கேட்பதையே நிறுத்திவிடுவேனோ என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயமாக இருக்கிறது.